அமெச்சூர்களின் இருட்டறை

‘அமெச்சூர்’ என்ற சொல்லை நாம் பெரும்பாலும் குறைத்தே மதிக்கிறோம். ஒரு நாடகமோ கவிதையோ ‘அமெச்சூர்த்தனமாக இருக்கிறது’ என்றால் செய்நேர்த்தி போதவில்லை என்று பொருள். அச்சொல் பிறந்த பிரெஞ்சு மொழியில் அதற்கு ‘விரும்புகிறவர்’ என்பதே பொருள். கூலிக்காகவும் கட்டளைக்காகவும் அல்லாமல், பிரியத்தினால் ஒன்றைச் செய்கிறவர். புகைப்படக்கலையின் வரலாற்றை இத்தகைய பிரியக்காரர்கள் கூடி நடத்திய சங்கங்களை விட்டுவிட்டு எழுத முடியாது. தமிழ் இலக்கியம் பயின்று, அதையே கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருக்கும் எனக்கு இதில் என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சங்கம் என்ற சொல்லோடு நாள்தோறும் புழங்குகிறவள் நான். படைப்பு ஒன்றை நடுவில் வைத்து, சுற்றி அமர்ந்து, இது நிற்குமா நிற்காதா என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கம் நமக்குப் புதிதன்று. புலவர்கள் ஓலையை வைத்துச் செய்ததாகச் சொல்லப்படுவதை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறு சிலர் வெள்ளியுப்பு பூசிய காகிதத்தை வைத்துச் செய்தார்கள்.

1839-ஆம் ஆண்டு பாரிஸில் டாகேரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது புகைப்படம் என்பது பாதிக்கு மேல் வேதியியலாக இருந்தது. தகட்டைத் தானே பூச வேண்டும். கரைசலைத் தானே கலக்க வேண்டும். வெயிலின் அளவைத் தானே ஊகிக்க வேண்டும். ஒருவர் கண்டறிந்த பக்குவத்தை இன்னொருவர் தெரிந்துகொள்ள ஒரு கூடம் தேவைப்பட்டது. 1853-இல் லண்டனில் புகைப்படச் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டே, 1854-இல், பம்பாயில் ஒரு சங்கம் அமைந்தது. 1856-இல் கல்கத்தாவிலும் சென்னையிலும் சங்கங்கள் ஏற்பட்டன. லண்டனில் ஒரு கருத்து முளைத்தால் அது நம் கரைக்கு வந்துசேரப் பல்லாண்டுகள் ஆன காலத்தில், இந்த வேகம் வியப்பளிப்பது. சென்னைச் சங்கத்தின் பின்னணியில் இருந்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர். 1850-இல் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய அதே மருத்துவர்தான்.

இச்சங்கங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் கம்பெனி ஆட்சியின் படை அதிகாரிகள், மருத்துவர்கள், சிவில் அலுவலர்கள். இந்தியர்களும் இருந்தார்கள். பம்பாயில் டாக்டர் பாவு தாஜி இருந்தார். கல்கத்தாவில் அறிஞர் ராஜேந்திரலால் மித்ரா இருந்தார். மித்ராவின் கதை சிந்திக்கத்தக்கது. 1857-இல் அவுரித் தோட்ட முதலாளிகளைக் கண்டித்து அவர் பொதுக்கூட்டத்தில் பேசினார். அதன் விளைவாகப் புகைப்படச் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். ஒளியையும் நிழலையும் பற்றி மட்டுமே பேசுவதாகச் சொல்லிக்கொண்ட ஒரு கூடத்தில், அவுரி வயலில் நடந்ததைப் பற்றிப் பேசியவருக்கு இடமில்லாமற்போயிற்று. சங்கங்களின் வரலாற்றைப் படிக்கும்போது, அங்கே எதைப் பற்றிப் பேசினார்கள் என்பதோடு எதைப் பற்றிப் பேசக்கூடாது என்று வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ் படித்தவர்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு பெயர் லினியஸ் ட்ரைப். சென்னைப் படையின் அதிகாரி. விருப்பத்தினால் கேமராவைப் பழகிக்கொண்டவர். 1855-இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் அவருடைய படங்கள் பதக்கம் பெற்றன. 1856-இல் சென்னை அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை என்று சுற்றினார். 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை அவர் பகுதி பகுதியாகப் படமெடுத்து, இருபத்தொரு அச்சுகளை ஒட்டி ஒரே நீள் படமாக்கினார். பத்தொன்பது அடி நீளம். அவருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அக்கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் பதிப்பிக்கத் தொடங்கியது 1891-இல்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, வாசிக்கப்படுவதற்கு முன்பே, அவ்வெழுத்து படமாக இருந்திருக்கிறது. 1860-இல் செலவு அதிகம் என்று சொல்லி ஆளுநர் ட்ரெவெல்யன் அந்தப் பதவியையே ஒழித்துவிட்டார். எல்லாக் காலத்திலும் கலைக்கு முதலில் விழும் வெட்டு அது.

*

1888-இல் கோடாக் கேமரா வந்த பின்பு நிலைமை மாறியது. பொத்தானை அழுத்தத் தெரிந்தால் போதும், மற்றவற்றைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். எல்லோரும் படமெடுக்கலாம் என்று ஆனபோது, பழைய ஆர்வலர்களுக்குத் தம்மைத் தனியே நிறுத்திக்காட்ட வேண்டிய தேவை ஏற்பட்டது. 1892-இல் லண்டனில் ‘லிங்க்டு ரிங்’ என்ற குழு பிரிந்து வந்து, புகைப்படம் ஓவியத்துக்கு நிகரான கலை என்று வாதிட்டது. பனிமூட்டம், மென்மையான விளிம்பு, தனிமரம், சிந்தனையில் ஆழ்ந்த முகம் எல்லாம் அவர்களுடைய கொடை. பரிசுக்கு அனுப்பப்படும் படங்களை நடுவர்கள் தேர்ந்து காட்சிக்கு வைக்கும் ‘சலோன்’ முறை அந்தக் காலத்தில்தான் வேரூன்றியது. 1950-இல் ஐரோப்பாவில் ஃபியாப் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு உருவாயிற்று. அதே பத்தாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலும் ஒரு கூட்டமைப்பு அமைந்தது. அதன்பின் நம் சிற்றூர்களில் கேமரா வைத்திருந்த குமாஸ்தாக்களுக்கும் வாத்தியார்களுக்கும் உலகத்தோடு ஒரு தபால் தொடர்பு ஏற்பட்டது.

அந்த முறையின் ஒழுங்கு இப்படி. பொதுவாக ஒரு பிரிவுக்கு நான்கு படங்கள். பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குல அளவில் அச்சிட்டு, பின்னால் பெயரும் தலைப்பும் எழுதி, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். சில மாதங்கள் கழித்துப் படம் திரும்பி வரும். ஏற்கப்பட்டிருந்தால் அதன் முதுகில் ஒரு வண்ணச் சீட்டு ஒட்டியிருக்கும். இத்தனை நாடுகளில் இத்தனை சீட்டு என்று கணக்குச் சேர்ந்தால் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளச் சில எழுத்துகள் கிடைக்கும். பட்டப்படிப்பு போலத்தான். தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாள் (1932–2017) போன்ற காட்டுயிர்ப் புகைப்படக் கலைஞர்கள் உலக அளவில் அறியப்பட்டதற்கு இந்தத் தபால் வழியே பெரிய காரணம்.

என் பெரியப்பாவும் இந்தத் தபாலுக்குக் காத்திருந்தவர்களில் ஒருவர். ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். 1980-களின் கடைசியில் அவரும் இன்னும் ஆறேழு பேரும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒருவர் வீட்டு மாடியில் கூடுவார்கள். அக்கூட்டத்துக்குப் பெயர்ப்பலகையோ பதிவு எண்ணோ கிடையாது. ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு கம்பவுண்டர், மருத்துவத் துணி நெசவில் இருந்த சத்திரப்பட்டிக்காரர் ஒருவர், கல்யாண வீடுகளுக்குப் படமெடுக்கும் ஒரு ஸ்டுடியோக்காரர். தொழில் செய்பவர் என்பதால் ஸ்டுடியோக்காரருக்கு அங்கே மதிப்புச் சற்றுக் குறைவு. ஆனால் என்லார்ஜர் அவரிடம்தான் இருந்தது. ஆகவே அவரில்லாமல் எதுவும் நடக்காது.

அங்கே ஒரு விதி இருந்தது. படத்தை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, எடுத்தவர் வாய் திறக்கக்கூடாது. மற்றவர்கள் எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் அவர் முறை. கம்பவுண்டர் எடுத்த படத்தைப் பள்ளி ஆசிரியர் குறைசொல்லலாம். நெசவாளி சொல்வதை ஆலைக் கணக்கர் மறுக்காமல் கேட்க வேண்டும். வானம் வெளிறிக் கிடக்கிறது, வலது மூலையில் இருக்கும் குடம் கண்ணை இழுக்கிறது, தலைக்குப் பின்னால் கம்பம் முளைத்திருக்கிறது என்று சாத்தூர்ச் சேவைக் கொறித்துக்கொண்டே சொல்வார்கள். ஒரு படத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேச முடியும் என்பதை நான் அங்கேதான் அறிந்தேன். பின்னாளில் முதுகலை வகுப்பில் ஒரே பாடலின் முன் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தபோது எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. ஊரில் ஒருவரையொருவர் சாதியும் பதவியும் பார்த்தே அழைத்துக்கொண்ட காலத்தில், அந்த மாடியில் இரண்டு மணி நேரம் படத்தின் பேரில் மட்டும் பேச்சு நடந்தது. அதை ஒரு சிறிய விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

இருட்டறை என்று தனியாக ஒன்றில்லை. இரவு பத்து மணிக்கு மேல் பெரியப்பா வீட்டுக் குளியலறைச் சன்னலைப் போர்வையால் மூடி, சிவப்பு பல்பு போட்டால் அதுதான் இருட்டறை. தட்டை அசைக்கிற வேலை எனக்கு. “வெடுக்குனு ஆட்டாத பாப்பா, தொட்டில் ஆட்டுற மாதிரி ஆட்டு” என்பார். வெள்ளைக் காகிதத்தில் முதலில் கருத்த பகுதிகள் கசிந்து வரும். பிறகு முகம் வரும். காகிதமும் ஃபிலிமும் பல சமயம் ‘இந்து’ பெயரில் வந்தவை. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையின் பெயர் அது. வெளிநாட்டு ஃபிலிம் கிடைக்காத, கிடைத்தாலும் விலை கட்டாத ஆண்டுகளில் சிற்றூர் ஆர்வலர்களுக்கு அதுவும் கிழக்கு ஜெர்மனியின் ‘ஓர்வோ’வும்தான் துணை. வண்ணப்படங்களின் காலத்தில் அந்த ஆலை நலிந்தது. பிறகு மூடப்பட்டுவிட்டது.

*

இவ்வளவு நன்றியோடு எழுதுகிற எனக்கு, அந்தக் கூடத்தோடு ஒரு வழக்கும் உண்டு.

அங்கே பெண்கள் இல்லை. எந்த விதியும் தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் காப்பி போடுகிறவர்கள் மாடிக்கு வந்து உட்கார முடியாது, அவ்வளவுதான். ஆனால் படங்களில் பெண்கள் நிறைய இருந்தார்கள். சலோன் நடுவர்களுக்கு மிகவும் பிடித்த பொருள்களில் ஒன்று, முதிர்ந்த பெண்ணின் சுருக்கம் விழுந்த முகம். இந்தியா முழுக்க எத்தனை பாட்டிகள் இப்படிச் சன்னலோரம் உட்கார்த்தி வைக்கப்பட்டார்களோ! ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த என் அப்பத்தாவும் அவர்களில் ஒருத்தி. பெரியப்பா பின்னால் கறுப்புப் போர்வையைக் கட்டி, பக்கவாட்டில் வெயில் விழும்படி அவளை அமர்த்தினார். மூக்குக்கண்ணாடியில் வெளிச்சம் பட்டு மின்னுகிறது என்று அதைக் கழற்றச் சொன்னார். “கண்ணாடி இல்லாம எனக்கு ஒம் மொகமே தெரியலையேடா” என்றாள் அப்பத்தா. தெரிய வேண்டியதில்லை, அப்படியே பார்த்துக்கொண்டிரு என்றார். அந்தப் பார்வைதான் படத்தின் சிறப்பாக அமைந்தது. தொலைவில் எதையோ தேடுகிற, நீர் கோத்த கண்கள். ‘வாழ்வின் அந்தி’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு அது வெளிநாடு போயிற்று. “நம்ம படம் சலோனுக்குப் போகுதும்மா” என்று பெரியப்பா சொன்னபோது, “எதுக்கு, முடி வெட்டவா?” என்று அவள் கேட்டது இன்றும் எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிக்கப்படுவது. படம் இரண்டு வண்ணச் சீட்டுகளோடு திரும்பி வந்தது.

அவளுக்கு வாழ்வின் அந்தி என்ற எண்ணமெல்லாம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. கோயில் நந்தவனத்துக்குப் பூத்தொடுக்கப் போவாள். சீட்டுப் பணத்துக்கு வாசலில் நின்று சண்டை போடுவாள். படத்தில் இருந்த முதுமை நடுவர்களுக்காகச் செய்யப்பட்டது. அவளுடைய பார்வையை எடுத்துவிட்டு, அந்தப் பார்வையின்மையை அழகு என்று காட்டினார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குக் கண்ணாடிக் கிணறு தெரிந்திருக்கும். பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடி, கிணற்று நீரில் தன் உருவத்தைப் பார்த்து மகிழ்ந்தாள் ஆண்டாள் என்பது ஊரின் நம்பிக்கை. இன்னொருவர் தன்னை எப்படிப் பார்ப்பார் என்று அறிவதற்கு முன், தானே தன்னைப் பார்த்துக்கொண்ட ஒருத்தியின் கதை அது. அவளுடைய ஊரில், கண்ணாடியைக் கழற்றச் சொல்லி ஒருத்தியைப் படமெடுத்தார்கள் என்பதை வகுப்பில் ஆண்டாளைப் பாடம் நடத்தும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.

இதே கேள்வி காட்டுக்கும் பொருந்தும். சலோன்களில் இயற்கைப் பிரிவுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. மனிதக் கையின் சுவடு படத்தில் தெரியக்கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய செண்பகத்தோப்பில் சாம்பல் நிற அணில்கள் மாந்தோப்புகளிலும் புளியமரங்களிலும் திரிபவை. 1988-இல் அவற்றுக்காகச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2021-இல் அந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. அணில் மாங்காய் தின்பதைப் படமெடுக்கலாம். அந்த மாமரத்தை நட்டவனையும் வேலியையும் காவற்குடிசையையும் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட வேண்டும். படத்தில் கன்னிக் காடு கிடைக்கும். உண்மையில் அங்கே அணிலும் மனிதனும் ஒரே மரத்துக்குப் பங்காளிகள். இந்தப் படங்களையே பார்த்து வளர்கிற ஒரு தலைமுறை, காட்டைப் பற்றி முடிவெடுக்கும் இடத்துக்கு வரும்போது அங்கே மனிதர்கள் இருந்ததே இல்லை என்று நினைத்தால் ஆச்சரியப்பட முடியாது.

சலோன்களை அண்டாமல் தன்போக்கில் நின்ற ஆர்வலர்களும் நமக்கு உண்டு. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தானே ஒரு கேமராவை அமைத்து, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்துக்கொண்டார். கறுப்பு வெள்ளையிலேயே யானைகளைப் படமெடுத்தார். படம் அழகாக இருக்கிறதா என்பதைவிட விலங்கு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதே அவருக்கு முக்கியம். ஏ.கே. செட்டியார் 1930-களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக்கலை பயின்றவர். உலகெங்கும் அலைந்து ஐம்பதாயிரம் அடி ஃபிலிம் சேர்த்து, 1940-இல் காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை வெளியிட்டார். இருவருமே தமிழில் எழுதியவர்கள் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதுகிறவனுக்குச் சட்டகத்துக்கு வெளியே இருப்பதும் கணக்கில் வரும்.

*

பெரியப்பா காலமான பின், அவருடைய பெட்டிகளைப் பிரிக்கும் வேலை என்னிடம் வந்தது. புகைப்படத்தாள் வந்த அட்டைப் பெட்டிகள். சலோன் படங்கள் ஒரு பெட்டியில் சீட்டுகளோடு ஒழுங்காக இருந்தன. மூடுபனியில் மாட்டுவண்டி, வலைவீசும் மீனவர், தனிமரம், அப்பத்தா. ராஜபாளையத்துக்காரர் ஒருவரின் வாழ்நாள் சேகரிப்பு என்று அவற்றைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. எந்த ஊரிலும் எவரும் எடுத்திருக்கக்கூடியவை.

இன்னொரு பெட்டியின் மேல் ‘வேண்டாதவை’ என்று எழுதியிருந்தது. மாடியில் குறைசொல்லித் தள்ளப்பட்ட படங்களும், அங்கே கொண்டுபோகவே தயங்கியவையும். ஆலை வாசலில் ஷிப்டு மாறும் நேரத்துச் சைக்கிள் கூட்டம். படத்தின் குறுக்கே யாரோ ஒருவர் மங்கலாக ஓடுகிறார். தெருவில் பாவு விரித்து நிற்கும் நெசவாளர்கள். ஆடிப்பூரத் தேரின் வடம் தரையில் கிடக்க, அதன்மேல் உட்கார்ந்து ஐஸ் தின்னும் பிள்ளைகள். மருத்துவத் துணி வெளுத்துக் காயும் வெட்டவெளி. அப்புறம், சுளகில் அரிசி புடைக்கும் அப்பத்தா. கண்ணாடி போட்டிருக்கிறாள், அதன் ஒரு காது நூலால் கட்டப்பட்டிருக்கிறது, கேமராவைப் பார்த்து ஏதோ திட்டிக்கொண்டே சிரிக்கிறாள். தலைக்குப் பின்னால் கம்பம் முளைத்திருக்கிறது.

அந்தப் பெட்டிதான் ஊர். இதை எழுதும்போது சங்கங்களை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஒளியைப் பார்க்கவும், பொறுமையாக அச்சிடவும், ஒரு படத்தின் முன் நின்று யோசிக்கவும் பெரியப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த மாடிதான். அந்தக் கல்வி இல்லையென்றால் வேண்டாதவையும் இவ்வளவு தெளிவாக எடுக்கப்பட்டிருக்காது. ஆனால் எது பாதுகாக்கத் தக்கது என்று சங்கம் சொன்ன தீர்ப்பைக் காலம் ஏற்றுக்கொள்ளவில்லை.

இப்போது எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. தபாலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சங்கங்கள் வேறு உருவில் இருக்கின்றன. சென்னையில் 2016 முதல் பன்னாட்டுப் புகைப்படத் திருவிழா நடக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களை மின்னாக்கம் செய்திருக்கிறார்கள். ஸ்டுடியோப் படங்களுக்காவது ஒரு கடை முகவரி உண்டு. ஆர்வலர்களின் படங்கள் வீட்டுப் பரணில் கிடப்பவை. அசிட்டேட் ஃபிலிம் நாள்பட்டால் சிதைந்து புளித்த காடி வாசனை அடிக்கத் தொடங்கும். வாசனை வந்தபின் அதைத் திருப்ப முடியாது, மெதுவாக்கத்தான் முடியும். பெரியப்பாவின் நெகட்டிவ்களில் நான்கில் ஒரு பங்கில் அந்த வாசனை வந்துவிட்டது.

சென்ற ஆண்டு முதல் என் மாணவர்களிடம், பாடத்துக்கு வெளியே, ஒரு வேலை கொடுத்து வருகிறேன். வீட்டில் இருக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். எங்கே, எப்போது, யார், எடுத்தவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, மை படாமல், மென்மையான பென்சிலால் பின்புறம் எழுத வேண்டும். யார் என்ற கேள்விக்குப் பல படங்களில் ஆண்களின் பெயர் கிடைத்துவிடுகிறது. பெண்களுக்கு, ‘இன்னார் வீட்டு அம்மா’ என்ற அளவில் விடை நின்றுவிடுகிறது. இன்னும் யாரையாவது கேட்டு வா என்று அனுப்புகிறேன். சிலர் பெயரோடு வருகிறார்கள்.

‘வாழ்வின் அந்தி’ படத்தின் முதுகில் இரண்டு சீட்டுகளும், பெரியப்பாவின் பெயரும், ஆங்கிலத் தலைப்பும், ஒரு வரிசை எண்ணும் இருந்தன. அப்பத்தாவின் பெயர் இல்லை. எழுத இடம் இருந்தது. எழுதி வைத்திருக்கிறேன். வாசிக்கிற நண்பர்கள் இந்த விடுமுறையில் தம் வீட்டுப் பரண்களைப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பரிசு பெற்றவற்றை எப்படியும் யாராவது எடுத்து வைத்திருப்பார்கள். மற்ற பெட்டியைத் திறந்து பாருங்கள்.